நல்ல புள்ளி எடுத்த நிலவறை

முதலிலேயே ஒத்துக்கொண்டுவிடுகிறேன். போன குளிர்காலத்தில் நான் என்னுடைய வீட்டைச் சோதனையில் கள்ளம் செய்யவைத்தேன். வீட்டைத்தான். லண்டனில் சட்டன் என்ற பகுதியின் தெற்குக் கரையில், செங்கல்லும் ஓடும் புகைபோக்கியுமாக, நூறு வருசத்துக்கு மேலாக ஒருவருடைய வம்புக்கும் போகாமல் ஒழுக்கமாக நின்ற வீடு அது. வாழ்நாளில் ஒரேயொரு பரீட்சை எழுத வந்தது. அதற்கு நான் ரியூசன் கொடுத்து, விடையைக் காதுக்குள் ஓதி, கடைசியில் கையைப் பிடித்து எழுதியும் கொடுத்தேன். வீடு அபாரமான புள்ளி எடுத்தது. நான் மார்பை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேன். அந்தச் சோதனை என் மைத்துனனின் சுவாசப்பையைப் பற்றியது என்பது, நிமிர்த்தித் திரிந்து அலுத்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

விசயத்தை ஒழுங்காகச் சொல்கிறேன். நான் எழுதிக் கேட்டதற்கு, ஒரு நாள் தபாலில் அரசாங்கச் சுகாதாரப் பகுதியிலிருந்து ஒரு பொதி வந்தது. உள்ளே இரண்டு சின்னப் பிளாஸ்டிக் வட்டுகள், தடித்த பிஸ்கற் அளவில். பற்றரி இல்லை, விளக்கு இல்லை, சத்தம் இல்லை, திருக ஆணிகூட இல்லை. ஒன்றை இருக்கும் அறையிலும் மற்றதைப் படுக்கும் அறையிலும் வைத்துவிட்டு, மூன்று மாதம் வழமைபோல் வாழுங்கள், பிறகு திருப்பி அனுப்புங்கள் என்று ஒரு துண்டுத்தாள் சொன்னது. அவ்வளவுதான் சோதனை. இந்த நாட்டுக்கு வந்து முப்பது வருசமாகிறது. உதவிப்பணம் தருகிற பெனிபிட் அலுவலகத்திலிருந்து பார்க்கிங் தண்டம் வரை எத்தனையோ விதமான கடிதங்கள் எனக்கு வந்திருக்கின்றன. எல்லாம் ஏதாவது செய் என்று வெருட்டினவையே. சும்மா இரு என்று ஒரு நாடு தபால் செலவு போட்டு எழுதியது அதுதான் முதல் தடவை. யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவனிடம், அதுவும் சோதனைக் காலத்தில், சும்மா இருக்கச் சொல்வது எவ்வளவு ஆபத்தான ஆலோசனை என்று அந்தத் துண்டுத்தாளை எழுதியவருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை.

வட்டு தேடுவது ரேடன் என்ற வாயுவை. பாறைக்குள்ளும் மண்ணுக்குள்ளும் இருக்கிற யுரேனியம் மெல்ல மெல்லச் சிதைந்து இதை விடுகிறது. நிறமில்லை, மணமில்லை. வெளியில் வந்தால் காற்றோடு கலந்து ஒன்றுமில்லாமல் போய்விடும். ஆனால் வீடு ஒன்று அதன்மேல் குந்தியிருந்தால், நிலத்து வெடிப்புகளாலே உள்ளே வந்து தங்கிவிடும். வருசக்கணக்காகச் சுவாசித்தால் சுவாசப்பையில் புற்றுநோய் வரக்கூடும். சிகரெட்டும் சேர்ந்தால் சொல்லவே வேண்டாம். வாடகை கொடுக்காமல், கதவைத் தட்டாமல், கீழ்வீட்டில் வந்து குடியேறி, கிளப்ப முடியாமல் இருந்துவிடும் ஒரு விருந்தாளி. எங்கள் சொந்தக்காரர் சிலரைப்பற்றி எழுதுகிறேன் என்று யாரும் நினைக்கக்கூடாது. இது பௌதிகவியல்.

எனக்கு இந்த வாயுவை அறிமுகப்படுத்தியவன் என் தம்பி சுதன். அவன் அமெரிக்காவில், அயோவா மாநிலத்தின் ஒரு சின்ன ஊரில் கல்லூரியொன்றில் படிப்பிக்கிறான். ஊர் என்றால் ஒரு தேவாலயம், ஒரு பள்ளிக்கூடம், சுற்றிவரச் சோளம். இரண்டு கோடைக்கு முன் அங்கே போயிருந்தேன். அந்த மண்ணில் ரேடன் தாராளம். லண்டன்காரர் மழையைப்பற்றிக் கதைப்பதுபோல அவர்கள் ரேடனைப்பற்றிக் கதைக்கிறார்கள். சோதிக்கும் பெட்டியை நூலகத்தில் வாங்கலாம். வீடு விற்பவன் சமைக்கிற குசினியைக் காட்டுமுன் ரேடன் அளவைக் காட்டுகிறான். தம்பி வீட்டில் நிலவறையின் தரையைத் துளைத்து, ஒரு வெள்ளைக் குழாயை இறக்கி, அதைக் கூரைக்கு மேலே கொண்டுபோய் விட்டிருந்தான். நடுவில் ஒரு விசிறி இரவு பகலாக முனகிக்கொண்டிருந்தது. கீழே சேருகிறதை உறிஞ்சி வானத்துக்கு அனுப்புகிற வேலை. போய் இறங்கிய மறுநாள் பக்கத்து வீட்டு அம்மையார் டெப்ரா பூசணிக்காய் போட்டுச் சுட்ட பாண் ஒன்றோடு வந்து, கையைப் பிடித்துக் குலுக்கி, அன்பாக விசாரித்தார். “லண்டனில் உங்களுடைய அளவு எப்படி?”

என் வயதுத் தமிழனிடம் ஒருவர் அளவு எப்படி என்று கேட்டால் அதற்கு ஒரே அர்த்தம்தான். விரல் நுனியில் குத்தி, துளி இரத்தத்தை எடுத்து, காலை எழும்பியதும் பார்க்கிற சீனியின் அளவு. நான் கொஞ்சம் வெட்கத்தோடு உண்மையைச் சொன்னேன். “ஏழு தசம் எட்டு.”

டெப்ராவின் முகம் மாறியது. “அது மிகவும் அதிகம். எவ்வளவு காலமாக?”

“பத்து வருசமாக. குளிசை போடுகிறேன்.”

“குளிசையா?” என்று அவர் தம்பியைப் பார்த்தார். பிறகு என் தோளில் கையை வைத்து, அடியில் ஒரு துளை போட்டு, குழாய் ஒன்றை இறக்கி, மேலே விசிறி பூட்டினால் சட்டென்று இறங்கிவிடும், தன் புருசனும் அப்படித்தான் செய்வித்தார், அரை நாள் வேலை என்றார். அமெரிக்க வைத்தியம் முரட்டுத்தனமானது என்று கேள்விப்பட்டிருந்தேன். இவ்வளவு என்று நினைக்கவில்லை. தம்பி சிரித்து முடித்து, டெப்ரா கேட்டது வீட்டின் ரேடனை, அந்த நாட்டுக் கணக்கில் அது நாலைத் தாண்டினாலே ஆபத்து என்று விளக்கம் சொன்ன பிறகும், அந்தப் பாணை நான் கொஞ்சம் தள்ளியிருந்துதான் சாப்பிட்டேன்.

அன்றைக்கே தம்பி பிடித்துக்கொண்டான். “அண்ணை, உங்கட வீட்டிலும் நிலவறை இருக்கெல்லோ? குகன் அண்ணை அதுக்குள்ளைதானே படுக்கிறார்? ஒருக்கால் சோதிச்சுப் பாருங்கோ.”

“லண்டனிலை அதெல்லாம் இல்லையடா. இஞ்சை நிலத்துக்குக் கீழை இருக்கிறது ரயிலும் எலியும்தான்.”

அவன் விடவில்லை. ஞாயிற்றுக்கிழமைக்கு ஞாயிற்றுக்கிழமை ரெலிபோனில் கேட்டான். நான் இந்த நாட்டின் ரேடன் வரைபடத்தை எடுத்துப் பார்த்தேன். லண்டனின் பெரும்பகுதி களிமண்ணில் வெள்ளையாகக் கிடந்தது, வெள்ளை என்றால் ரேடன் குறைவு. எங்கள் பக்கம் சுண்ணாம்பு நிலம். எங்கள் சதுரம் வெள்ளையுமில்லாமல் கடும் நிறமுமில்லாமல், என்னுடைய பள்ளிக்கூட அறிக்கையைப்போல, முயன்றால் முன்னேறலாம் என்ற நிறத்தில் இருந்தது. அதோடு, நிலத்துக்குக் கீழே ஆள் படுக்கிற அறை இருந்தால் எந்த நிறமென்றாலும் சோதிக்க வேண்டும் என்று ஒரு குறிப்பு.

குகன் என் மனைவி ரஞ்சியின் அண்ணன். எனக்கும் அவனுக்கும் ஒரே வயது. நான் அவனை மச்சான் என்பேன், அவனும் என்னை மச்சான் என்பான். லண்டனில் இருக்க அனுமதி கிடைக்க அவன் குரோய்டனின் அந்தப் பெரிய குடிவரவு அலுவலகக் கட்டடத்துக்கு வருசக்கணக்காக நடந்தான். என் நிலவறையில் இருக்க அனுமதி ஒரு நிமிசத்தில் கிடைத்தது. எங்களோடு வந்திருக்கச் சொன்னதும், வீட்டைச் சுற்றிப் பார்த்து, படிக்கட்டுக்குக் கீழே இருந்த கதவைத் திறந்து, பத்துப் படி இறங்கி, முன்னொரு காலத்தில் நிலக்கரி கொட்டி வைத்த அந்த அறையில் நின்று, “இது காணும்” என்றான். பெற்றோல் செட் ஒன்றில் இரவு ஷிப்ட். விடிய வந்து, ரஞ்சி மூடி வைத்ததைச் சாப்பிட்டு, கீழே இறங்கினால் பின்னேரம்தான் தலை தெரியும். பகலில் படுக்கிறவனுக்கு இருட்டு நல்லதுதானே என்று நானும் நினைத்தேன். அப்படி நினைப்பது எனக்கு வசதியாகவும் இருந்தது.

என்ன வசதி என்றால், மேல்மாடியில் ஒரு சின்ன அறை இருக்கிறது. அது என் எழுத்து அறை. ஒரு மேசை, ஒரு கதிரை, வேலை செய்யாத பிரிண்டர், துவாய் காயப்போடுகிற உடற்பயிற்சிச் சைக்கிள். அங்கேயிருந்துதான் சில வருசமாக ஒரு கட்டுரைத் தொகுப்பு எழுதிக்கொண்டிருக்கிறேன். தலைப்பு முடிந்துவிட்டது. தம்பியின் ரெலிபோன் கதை காதில் விழுந்த அன்றே ரஞ்சி சொன்னாள்.

“சோதனையும் வேண்டாம் ஒண்டும் வேண்டாம். அண்ணைக்கு உங்கட அறையை ஒழிச்சுக் குடுங்கோ. அவர் இருமுறது குசினிக்குக் கேக்குது.”

“அது சிகரெட் இருமல்.”

“அவர் விட்டிட்டார்.”

“உமக்குச் சொல்லுறதைத்தான் விட்டவர், அவ்வளவுதான்.” நான் குரலைத் தாழ்த்தி, ஒரு ஆராய்ச்சியாளனின் நிதானத்தோடு சேர்த்துக்கொண்டேன். “அவசரப்படக்கூடாது ரஞ்சி. முதல் விஞ்ஞானபூர்வமாய்ச் சோதிப்பம்.”

வாசகர்கள் கவனிக்க வேண்டும். என் வாழ்நாளில் விஞ்ஞானத்தை நான் கையில் எடுத்தது, என் அறையைக் காப்பாற்றுவதற்காக.

ஆக, வட்டு ஒன்று முன்னறையிலும் மற்றது நிலவறையிலும் அமர்ந்தன. முன்னறை வட்டை ரஞ்சி ஷோகேஸில் தேநீர்க் கோப்பைகளுக்குப் பின்னால் ஒளித்துவைத்தாள், வாறவையள் கண்டால் வீட்டிலை ஏதோ நோய் வருத்தமெண்டு நினைப்பினம் என்று. நான் நாளுக்கு நாலு தரம் நிலவறைக்குப் போய் மற்ற வட்டைப் பார்த்தேன். அது ஒன்றும் செய்யவில்லை. அப்போதுதான் எனக்குள் இருந்த பழைய வியாதி எழும்பியது. நாங்கள் சோதனைக்கென்றே பெற்று வளர்க்கப்பட்டவர்கள். விடிய வெள்ளன விளக்கு வைத்துப் படித்து, ஒரு பாடத்துக்கு இரண்டு வாத்தியாரிடம் ரியூசன் போய், மாதிரி வினாத்தாள் செய்து, சோதனை முடிந்து வாசலுக்கு வந்தவுடன் மற்றவன் என்ன விடை எழுதினான் என்று விசாரித்து வயிறெரிந்தவர்கள். சோதனை என்றால் எதைச் சோதிக்கிறார்கள் என்று கேட்டு எங்களுக்குப் பழக்கமில்லை. எத்தனை புள்ளி, எத்தனையாம் பிள்ளை, அவ்வளவுதான். இங்கே புள்ளி குறையக் குறைய நல்லதாம். சரி, குறைப்போம்.

குறைப்பது சுகம், ஒரு கஷ்டமும் இல்லை. காற்றோட்டம் இருந்தால் ரேடன் தங்காது என்று துண்டுத்தாளின் அடியிலேயே இருந்தது. எங்களுக்கு அது கசிந்த வினாத்தாள். நிலவறையின் மேல் மூலையில், வெளி நிலமட்டத்தோடு ஒரு கையகல யன்னல் இருக்கிறது. குகன் வேலைக்குப் போனதும் அதைத் திறந்தேன். படிக்கட்டுக் கதவுக்குச் செங்கல் ஒன்றை முண்டு கொடுத்தேன். மேசை விசிறியைக் கொண்டுபோய் யன்னலைப் பார்த்து ஓடவிட்டேன். வட்டை அலுமாரி மேலிருந்து எடுத்து, காற்றுப் படுகிற இடமாக யன்னல் விளிம்பில் வைத்தேன். முன்வாங்கில் இருக்கிற பிள்ளைக்குத்தானே கூடப் புள்ளி. வெளியே உறைபனி. அவன் விடியப்புறம் வந்து யன்னலைச் சாத்துவான். நித்திரை கொண்டதும் நான் பூனைபோல இறங்கித் திறப்பேன். அவன் குல்லாவும் ஜக்கெற்றும் போட்டு, இரண்டு போர்வைக்குள் ஒரு மூட்டையாகக் கிடப்பான். மூட்டை இருமும். நான் வட்டைத் துடைத்து நேராக்கிவிட்டு ஏறி வருவேன்.

வீட்டைச் சூடாக்குகிற காஸுக்குப் பில் எகிறி வந்த அன்று ரஞ்சி கண்டுபிடித்துவிட்டாள். “மூண்டு மாசம் சும்மா இருக்கச் சொல்லித்தானே எழுதியிருக்கு? வீட்டிலை ஒரு வேலை சொன்னால் வருசக்கணக்காய்ச் சும்மா இருக்கிற மனிசன், இதுக்கு மட்டும் சும்மா இருக்க ஏலாதோ?”

“வீடு பெயில் விட்டால் சுற்றுவட்டாரத்திலை தலை காட்ட ஏலாது” என்றேன். பகிடி போலத்தான் சொன்னேன். ஆனால் அதில் பாதி உண்மை.

அந்தப் பாதியை விளங்கிக்கொள்ள, ஒரு பிறந்தநாள் விழாவில் நடந்ததைச் சொல்ல வேண்டும். லண்டனின் மறுகரையில், ரெய்னர்ஸ் லேனில் இருக்கிற என் பழைய வகுப்புத் தோழன் சந்திரன் தட்டோடு பக்கத்தில் வந்து அமர்ந்தான். சந்திரன் ஏரியாப் பைத்தியம். பிள்ளைகளின் பள்ளிக்கூடம், வீட்டு விலை, பக்கத்து வீட்டு டாக்குத்தர், எல்லாவற்றிலும் எங்கட ஏரியா என்று ஆரம்பிப்பான். நான் ரேடன் சோதனையைப் பற்றிச் சொன்னேன். உங்களுக்கு அந்தப் பிரச்சினை இல்லை, உங்கட பக்கம் எல்லாம் களிமண், அளவு குறைவு என்று ஆறுதலாகவும் சொன்னேன்.

சந்திரன் கடித்துக்கொண்டிருந்த ரோல்ஸைக் கீழே வைத்தான். “ஆர் சொன்னது குறைவெண்டு?”

“வரைபடத்திலை கிடக்கு.”

“சட்டனிலை கூட, எங்கட ஏரியாவிலை குறைவோ? நீ பழைய வரைபடம் பாத்திருப்பாய். இப்ப எங்கட பக்கம் எல்லாம் ஏறியிட்டுது.”

இது நச்சுவாயு, சுவாசப்பைக்குக் கூடாது என்று விளக்கினேன். அவன் சுற்றிவரப் பார்த்தான். பிறகு என் காதுக்குக் கிட்ட வந்தான். “அப்ப நீ சோதிக்கிறதை வெளியிலை சொல்லித் திரியாதை. கவுன்சிலுக்குத் தெரிஞ்சால் வீடு விலைபோகாது.” கூட இருந்தாலும் அவமானம், குறைய இருந்தாலும் அவமானம். அவனைப் பார்த்துச் சிரித்துவிட்டு வீட்டுக்கு வந்து, நிலவறை விசிறியை இரண்டாம் இலக்கத்திலிருந்து மூன்றுக்குத் திருகினேன். எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே வாத்தியார்தானே படிப்பித்தவர்.

ஒரு நாள் விசிறியைத் திருகிவிட்டு, மேலே ஏறச் சோம்பலில் குகனின் கட்டிலில் சற்று இருந்தேன். சுவரில் ஈரவாடை. விசிறியின் இரைச்சலில் தலைக்கு மேல் வீதியின் சத்தம் கேட்கவில்லை. அப்போது எங்கள் ஊர்ப் பங்கர் நினைவுக்கு வந்தது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் குண்டு போடுகிற விமானங்களுக்குப் பயந்து வளவுக்கு வளவு பங்கர் வெட்டினோம். எங்கள் ஊரும் சுண்ணாம்பு நிலம்தான். மூன்று அடி தோண்டினால் கல். மீதியை மண்மூட்டை அடுக்கி உயர்த்தி, ஓடாத ரயில் பாதையின் சிலிப்பர் கட்டைகளால் மூடியிருந்தோம். எங்கள் வீட்டுப் பங்கருக்குள் மாரியில் தண்ணீர் நிற்கும். அதனால் இரைச்சல் கேட்டால் பக்கத்து வளவுக்கு, குகன் வெட்டிய பங்கருக்கு ஓடுவோம். அங்கே ரஞ்சி இருப்பாள் என்பதால், சாமான் ஏற்றுகிற விமானத்துக்கும் நான் ஓடினேன். ஒருமுறை உழவு இயந்திரச் சத்தத்துக்கும் ஓடி, உள்ளே நான் மட்டும் இருந்தேன். காதலும் அப்படித்தான் தொடங்கியது, முழங்காலை மடித்துக்கொண்டு, அவளுடைய அம்மாவுக்கும் ஒரு பாண் பெட்டிக்கும் நடுவில். விமானம் போனதும் எல்லோரும் மண்ணைத் தட்டிக்கொண்டு வெளியே வருவோம். குகன் மட்டும் வரமாட்டான். உள்ளே நல்ல குளிர்மை என்பான். அரை மணித்தியாலம் கழித்து ஆறுதலாக வருவான். சரியான பஞ்சியன், சோம்பேறி என்று நாங்கள் பகிடி பண்ணுவோம்.

அங்கே மேலேயிருந்து வந்ததற்குப் பயந்து நிலத்துக்குள் போனோம். இங்கே நிலத்துக்குள்ளிருந்து வருகிறதற்குப் பயந்து மேலே ஏற வேண்டும். கேட்டால் ஒரு நல்ல கட்டுரைக்கு உதவும் வசனம். கட்டிலில் இருந்தபடியே அதை மனதில் எழுதிவைத்துக்கொண்டேன். விசிறியை மட்டும் நிறுத்தவில்லை.

மூன்று மாதம் முடிய வட்டுகளை அனுப்பினேன். சில கிழமையில் பெறுபேறு கணினியில் வந்தது. இருநூறுக்கு மேலே போனால் வீட்டில் வேலை செய்ய வேண்டும் என்பது இந்த நாட்டுக் கணக்கு. எங்கள் நிலவறைக்கு முப்பத்தாறு. நான் கணினிக்கு முன்னால் எழுந்து நின்றேன். ரஞ்சியைக் கூப்பிட்டுக் காட்டினேன், தம்பிக்கு அனுப்பினேன், சந்திரனுக்கும் அனுப்பினேன். சந்திரன் கட்டைவிரலை மட்டும் அனுப்பினான், பொறாமை. குகன் அதை அச்சடித்துத் தரச் சொல்லி வாங்கி, நிலவறைக் கதவின் உட்பக்கத்தில் ஒட்டினான். “இனி ஒருத்தரும் என்னைக் கிளப்ப ஏலாது” என்றான். அவன் அப்படிச் சிரித்து நான் நெடுநாள் பார்க்கவில்லை.

எங்கள் வீடு ஒட்டு வீடு. நடுச்சுவருக்கு அந்தப் பக்கம் கீத் என்ற ஓய்வுபெற்ற வெள்ளைக்காரர். வேலிக்கு மேலால் நாங்கள் பதினைந்து வருசமாகக் குப்பைத்தொட்டி நாள்களைப்பற்றி ஆழமாகக் கதைத்துவருகிறோம். அவரும் தன் மகளின் கரைச்சலில் அதே குளிர்காலம் சோதனை செய்திருந்தார். நான் விடுவேனா.

“நீங்கள் பாஸா?” என்று கேட்டேன்.

“எதில்?”

“ரேடனில்.”

அவர் மரியாதையாக யோசித்தார். “அதில் பாஸ், பெயில் என்று உண்டா என்று எனக்குத் தெரியாது. நிலவறையில் முந்நூற்றுப் பத்து. அங்கே சைக்கிளும் வைனும்தான் கிடக்கின்றன. இருந்தாலும் ஆளைக் கூப்பிட்டிருக்கிறேன்.”

“எங்களுக்கு முப்பத்தாறு” என்றேன், முடிந்தவரை பணிவாக.

“அப்படியா. மிகவும் நல்லது.” கீத் தன் புல்லைப் பார்த்தார், என் புல்லைப் பார்த்தார். “விசித்திரம். ஒரே நிலம்தானே. யன்னல் ஏதும் திறந்திருந்ததா?”

“கொஞ்சம்.”

“ஜனவரியிலா?”

நான் குனிந்து ஒரு புல்லைப் பிடுங்கினேன். கீத் அதற்கு மேல் கேட்கவில்லை. ஆங்கிலேயருக்கு ஒரு திறமை இருக்கிறது. உங்கள் கள்ளத்தைக் கண்டுபிடித்துவிட்டு, உங்கள் ரோசாச்செடியைப் பாராட்டத் தொடங்கிவிடுவார்கள். அவர் பாராட்டினார். நான் நன்றி சொன்னேன். உள்ளே வந்து குசினிக் கதிரையில் இருந்தபோது, தரைக்குக் கீழேயிருந்து குகனின் இருமல் கேட்டது. யன்னல் இப்போது சாத்தியிருந்தது. சோதனை முடிந்த அன்றே சாத்திவிட்டேன். விசிறியை நிறுத்தி, செங்கல்லை எடுத்து, கதவையும் சாத்தியிருந்தேன். காஸ் பில்லும் முக்கியமல்லவா. முப்பத்தாறு என்று எழுதிய காகிதத்துக்கு அந்தப் பக்கம், முந்நூறுக்குக் குறையாத ஏதோ ஒன்றை என் மைத்துனன் ஆறுதலாக மூச்சிழுத்துக்கொண்டிருந்தான். அவனை அங்கே பூட்டி வைத்து, நல்லாயிருக்கிறது என்று கையெழுத்தும் போட்டுக் கொடுத்தவன் நான்.

கீத்தின் முந்நூற்றுப் பத்தை ரஞ்சியிடம் சொன்னேன். அவள் கையிலிருந்த அகப்பையை வைத்தாள். எழும்பி மேல்மாடிக்குப் போய் என் பிரிண்டரைத் தூக்கிக்கொண்டு வந்து வாசலில் வைத்தாள். பிறகு சைக்கிளை. கதிரைக்கு வந்தபோது நானும் போய்க் கை கொடுத்தேன்.

குகனிடம் சொல்லும்போது நான் நேராகச் சொல்லவில்லை. காற்றோட்டம், குளிர்காலத்து அமுக்கம், சுண்ணாம்பு என்று சுற்றி வந்தேன். அவன் கட்டிலில் இருந்தபடி கேட்டுக்கொண்டிருந்தான்.

“மச்சான், யன்னலை நீதான் திறந்தனியெண்டு எனக்குத் தெரியும்” என்றான்.

“பிறகேன் பேசாமல் இருந்தனீ?”

“என்ரை சொக்ஸ் மணக்குதாக்கும், சொல்ல வெக்கப்படுறாய் எண்டு நினைச்சன். ஒவ்வொரு நாளும் தோய்ச்சனான்.”

அதற்குப் பிறகு எனக்குப் பகிடி ஒன்றும் வரவில்லை. மேலே வா என்றேன். மாட்டேன் என்றான். எத்தனையோ வருசம் இருந்தாயிற்று, இனி என்ன வந்துவிடப் போகிறது என்றான். உனக்கு அறை இல்லாமல் போகும், நீ எழுதுறனீயெல்லோ என்றான். எழுதுகிறேனாம். உலகத்தில் அதை நம்புகிற ஒரே மனிதனை நான் நிலக்கரி அறையில் வைத்திருந்தேன். கடைசியில் ரஞ்சி இறங்கி வந்து, “அண்ணை, எழும்புங்கோ” என்று மட்டும் சொன்னாள். அவன் எழும்பினான். போகும்போது கதவில் ஒட்டிய காகிதத்தைக் கவனமாகக் கழற்றி, மடித்து என் கையில் தந்தான்.

நிலவறையில் இப்போது புதிதாக ஒரு வட்டு இருக்கிறது. யன்னல் சாத்தி, கதவு சாத்தி, ஒருவரும் கைவைக்காமல். அதன் பெறுபேறு வந்ததும் தரையைத் துளைத்துக் குழாய் இறக்க ஆள் வருவார், கீத் கூப்பிட்ட அதே ஆள். அதுவரைக்கும் குகன் என் எழுத்து அறையில். யன்னலுக்குக் கறுத்தத் திரை போட்டுக் கொடுத்தேன். நல்ல மெத்தை வாங்கினோம். ரஞ்சி சந்தோசமாக இருந்தாள், இருமலும் குறைந்ததுபோலக் கிடக்கு என்றாள். நானும் என்னை மன்னிக்கத் தொடங்கியிருந்தேன். அதில் எனக்கு நல்ல பழக்கம் உண்டு.

போன கிழமை ஒரு நாள் மத்தியானம் தேநீர் கொண்டு மேலே போனேன். அவன் நல்ல நித்திரையாக இருக்க வேண்டிய நேரம். கதவைத் தள்ளினால், திரை இழுத்துவிட்ட அரையிருட்டில் கட்டில் விளிம்பில் இருந்தான். ஜக்கெற் போட்டிருந்தான். கால்களில் சப்பாத்து, அதுவும் நாடா இறுக்கிக் கட்டி, ஓட ஆயத்தமானவன்போல. எங்கள் வீட்டில் வாசற்படியைத் தாண்டி ஒருவரும் சப்பாத்தோடு வந்ததில்லை. ரஞ்சி கண்டால் அண்ணனென்றும் பார்க்க மாட்டாள்.

“என்ன மச்சான், சப்பாத்தோடை? வேலைக்கு இன்னும் நேரம் கிடக்கு.”

“சும்மா” என்றான். கண் சிவந்திருந்தது. எத்தனை நாளாக இப்படி என்று கேட்கலாமா என்று நான் யோசித்துக்கொண்டு நிற்கையில், ஓட்டுக்கு மேலால் ஒரு விமானம் போயிற்று. ஹீத்ரோவிலிருந்து எழும்பித் தெற்கே திரும்புகிறவை எங்கள் கூரைக்கு மேலால்தான் போகும். இத்தனை வருசமாக அதை நான் கேட்டதே இல்லை, குளிர்சாதனப் பெட்டியின் சத்தத்தைக் கேட்காததுபோல. குகனின் தலை தோளுக்குள் இறங்கியது. மிகக் கொஞ்சம்தான், ஒரு விரற்கடை. இரண்டு கைகளும் கட்டில் சட்டத்தைப் பிடித்தன. சத்தம் தேய்ந்து முடியுமட்டும் அப்படியே இருந்துவிட்டு, கையை எடுத்து, தேநீருக்கு நீட்டினான்.

நிலவறையில் விமானம் கேட்காது. அவன் பத்துப் படி இறங்கி, அந்தக் கரிப்பிடித்த சுவருக்கு நடுவில் நின்று, இது காணும் என்று சொன்ன நாளிலிருந்து, பங்கரில் குளிர்மை பிடித்ததுபோல இங்கே அவனுக்கு இருட்டுத்தான் பிடிக்கும் என்று நான் ஊரெல்லாம் சொல்லிவந்திருக்கிறேன். கீழே போனால் மூச்சு நஞ்சு. மேலே வந்தால் நித்திரை இல்லை. இந்த வீட்டில் அவன் படுக்க நான் இனி எந்த மாடியைக் கண்டுபிடிப்பது?

ஏதாவது சொல்ல வேண்டும்போல இருந்தது. எனக்கு வருகிறது ஒன்றுதானே, பகிடி. அடுத்த இரைச்சல் தூரத்தில் தொடங்கியிருந்தது. நான் கூரையைக் காட்டிச் சொன்னேன். “மச்சான், அது ஸ்பெயினுக்கு வெய்யில் காயப் போற சனம். அரைக் காற்சட்டையோடை இருந்து சான்ட்விச் சாப்பிடுதுகள்.”

அவன் தேநீரை ஒரு வாய் குடித்தான்.

“எனக்குத் தெரியும், என்ரை காதுக்குச் சொல்லு.”